பிட்

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பருவத் தேர்வு. வணிகவியல் மாணவர்கள் எழுதிய அறைக்கு என்னைக் கண்காணிப்பாளனாகப் போட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒருவன் அடிக்கடி மடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அருகே போனேன். கட்டைவிரல் அகலத்தில் ஒரு தாள். எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்து. நான் கை நீட்டுவதற்குள் அதை வாயில் போட்டு விழுங்கிவிட்டான்.

இதற்கு நம் கல்லூரிகளில் 'பிட்' என்று பெயர். தெருவில் கையில் திணிக்கப்படும் விளம்பரத் தாளும் 'பிட் நோட்டீஸ்'தான். சில திரையரங்குகளில் படத்துக்கு நடுவே ஒட்டிய 'பிட்' பற்றி இங்கே பேச வேண்டாம்.

அன்றிரவு அகராதியைப் புரட்டினேன். பழைய ஆங்கிலத்தில் 'பிட்டா' என்றால் பல்லால் கடித்தெடுத்த ஒரு வாய் உணவு. 'துணுக்கு' என்ற பொதுப்பொருள் பிற்பாடு வந்தது. தாளை விழுங்கியவன் தன்னை அறியாமலேயே சொல்லை அதன் மூலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான்! குதிரையின் வாயில் மாட்டும் இரும்பும் 'பிட்'. நம் கடிவாளத்திலும் 'கடி' ஒலிக்கிறது. நாவைக் கடிப்பதால் கசப்புக்கு 'பிட்டர்'. கணினியின் 'பிட்' மட்டும் வேறு பிறப்பு. 'பைனரி டிஜிட்' என்பதைச் சுருக்கி ஜான் டூக்கி உண்டாக்கியது. 1948இல் க்ளாட் ஷானன் தம் கட்டுரையில் அவர் பெயரைச் சொல்லியே அதைக் கையாண்டார். ஆனால் 1956இல் வெர்னர் புக்ஹோல்ஸ் 'பைட்' என்று பெயரிட்டபோது, கடித்தலைக் குறிக்கும் சொல்லையே எழுத்து மாற்றி எடுத்துக்கொண்டார். மறுபடியும் பல்!

தமிழாசிரியனுக்கு இங்கே ஒரு சபலம் வரும். 'பிட்டுப் பிட்டு வைத்தான்' என்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றுதானோ? இல்லை. நம் 'பிட்டு'க்கு வேர் 'பிள்'. ஒலி ஒத்தது தற்செயல். மெய்யான உறவு வேறிடத்தில் இருக்கிறது. ஆங்கில 'பிட்'டுக்கு மூலமான, பிளத்தல் என்று பொருள்படும் இந்தோ-ஐரோப்பிய வேர் வடமொழியில் 'பின்ன', 'பேத' என்று கிளைத்தது. அங்கிருந்து தமிழுக்கு வந்தவை பின்னமும் பேதமும். கணக்கில் நம்மைப் படுத்திய பின்னமும் அந்தப் பையன் விழுங்கிய பிட்டும் தாயாதிகள்.

அன்று அறைக்குள் நடந்ததை முழுதும் சொல்லவில்லை. தாள் தொண்டையில் சிக்கி அவன் இருமத் தொடங்கினான். கண்களில் நீர். சத்தம் கேட்டுத் தலைமைக் கண்காணிப்பாளர் வாசலில் வந்து நின்றார்.

"என்ன சார், பிட்டா?"

"இல்லை சார். புரையேறிவிட்டது" என்றேன். எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பருவமே அவனுக்குப் போயிருக்கும். என் தண்ணீர்ப் புட்டியை அவனிடம் நீட்டினேன். முன் இருக்கையில் எழுதிக்கொண்டிருந்த பெண் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். தூக்கமற்ற கண்களால் ஒரு கணம் என்னை நிமிர்ந்து நோக்கிவிட்டு, மீண்டும் குனிந்து எழுதத் தொடங்கினாள்.