அமாவாசைப் பட்டணம்

சென்னையில் உத்தியோகம் பார்க்கும் என் சிநேகிதர் ஒருவருக்கு இரண்டு பெருமைகள் உண்டு. மயிலாப்பூரில் எந்தச் சந்தில் எந்த வேளையில் இட்டிலி பஞ்சுபோல் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். மெரீனாக் கடற்கரையில் எந்த இடத்தில் உட்கார்ந்தால் முதல் காற்று தம்மேல் படும் என்பதும் தெரியும். சென்ற ஆவணி மாதத்தில் அவர் தொலைபேசியில் என்னைக் கேட்டார்: "உங்கள் மேல்மலையனூரில் வயிற்றுக்கு என்ன இருக்கிறது? சிரமபரிகாரத்துக்குத்தான் என்ன இருக்கிறது?"

"புரட்டாசி அமாவாசைக்கு வாருங்கள். அன்று எங்கள் ஊரும் பட்டணந்தான்" என்றேன்.

இதில் மிகை ஒன்றும் இல்லை. விழுப்புரம் ஜில்லாவில், செஞ்சிக்கு வடமேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் இருக்கும் எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. ஆனால் அமாவாசைதோறும் அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவத்துக்காகச் சிறப்புப் பேருந்துகள் வந்தவண்ணமாக இருக்கும். அன்றிரவு எங்கள் வீதிகளில் கால் வைக்க இடமிராது.

சொன்னபடியே வந்தார். செஞ்சிக்குப் போய் அவரை எதிர்கொண்டேன். முதலில் அழைத்துச் சென்றது கோட்டைக்கு. 1677-இல் சத்ரபதி சிவாஜி கைப்பற்றிய கோட்டை. 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. எல்லோரும் ராஜகிரியின் உச்சியைப் பார்த்துத்தான் வியப்பார்கள். எனக்குப் பிரியமானவை கீழே இருக்கும் இரண்டு இடங்கள். அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் கல்யாண மகாலின் நிழல் ஒன்று. நண்பகலிலும் அங்கே உட்கார்ந்து கட்டுச்சாதம் அவிழ்க்கலாம். மற்றொன்று நெற்களஞ்சியம். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்டும் இக்கோட்டை தாக்குப் பிடித்ததென்றால், அதற்கு மதில் மட்டுமா காரணம்? நெல்லும் அல்லவா காரணம்!

அங்கிருந்து சிறிது தூரத்தில் திருநாதர் குன்று. பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் வரிசையாக வீற்றிருக்கிறார்கள். 57 நாள் உண்ணாதிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றிய பழைய வட்டெழுத்துக் கல்வெட்டும் இங்கேதான் உள்ளது. நண்பர் அதன் அருகில் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "பசியைச் சேர்த்து வைத்த நெல்லால் வென்றவர்களையும் காட்டினீர்கள், பசியையே வென்றவரையும் காட்டினீர்கள். எனக்கோ இப்பொழுதே பசிக்கிறது!" என்றார்.

மலையனூர் வந்து சேர்ந்தோம். சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் யோசனை இது: பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள், பேருந்து ஓட்டுநரும் நடத்துநரும் எந்தக் கடையில் கை கழுவுகிறார்கள் என்று பாருங்கள். தினந்தோறும் வருகிற அவர்களிடம் பழைய சாம்பார் செல்லாது. காலை வேளையானால் தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழ் வாங்குங்கள். சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் கேட்டு வாங்குங்கள். வயிறு குளிர்ந்தால் மனமும் குளிரும்.

மாலையில் ஏரிக்கரைக்குப் போனோம். மானாவாரி நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கும் காலம் அது. எங்கள் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர், பிலிப்பைன்ஸ் நாட்டு நகரத்தின் பெயரைச் சுமந்துகொண்டு தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் வந்து குடியேறிவிட்டது! உப்புப் போட்டு அவித்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டே பனைமரத்தடியில் காற்று வாங்கினோம். மெரீனாவைப் பற்றி நண்பர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அங்கே வைத்துத்தான் ஸ்தல புராணத்தைச் சொன்னேன். பிரமனின் தலையைக் கொய்த சிவபெருமானின் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொண்டது. அவருக்கு இட்ட பிச்சையையெல்லாம் அதுவே விழுங்கிற்று. பசியோடு திரிந்து அவர் இந்த மயானத்துக்கு வந்தார். அம்பிகை சோறு சமைத்து இரண்டு கவளங்களைக் கபாலத்தில் இட்டாள். மூன்றாவதைத் தரையில் இறைத்தாள். ருசி கண்ட கபாலம் சோற்றைத் தேடிக் கீழே இறங்கியது. அம்பிகை அதைக் காலால் மிதித்து அடக்கினாள். மாசி மாதத்தில் சிவராத்திரிக்கு மறுநாள் நடக்கும் மயானக் கொள்ளையில், உழவர்கள் தங்கள் விளைச்சலை வாரி இறைப்பது அந்தச் சோற்றின் நினைவாகத்தான்.

நள்ளிரவில் ஊஞ்சல் ஆடியது. ஆயிரக்கணக்கான கைகளில் எலுமிச்சம்பழத்தின்மேல் கற்பூரம் எரிந்தது. தரிசனம் முடித்து நாங்கள் வீடு திரும்பியபோது, வாசற்படியில் ஒரு கிழவியும் கைக்குழந்தையோடு அவள் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். என் தகப்பனார் காலத்தில் அமாவாசை இரவு எங்கள் திண்ணை யாத்ரீகர்களுடையது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த பித்தளைக் குடம் ஒன்று காணாமற் போயிற்று. உடனே நான் இரும்புக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் விருந்தோம்பல் அதிகாரத்தைப் பாடம் நடத்துகிற வாத்தியார்தான் நான்.

"தம்பி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்றாள் கிழவி. செம்பு நிறையக் கொண்டு வந்தேன். குடித்துவிட்டு மடியிலிருந்த பொட்டலத்தை அவிழ்த்தாள், புளிச்சோறு. "நீங்களும் ஒரு வாய் பசியாறுங்க. கோயில் சுத்திக் களைச்சு வந்திருக்கீங்க" என்று என் பக்கம் நீட்டினாள்.

நான் நண்பரைப் பார்த்தேன். அவர் பூட்டிய திண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவியை எடுத்து வந்தேன். பூட்டு துருவேறிக் கிடந்தது, திரும்பவில்லை. என் மனைவி ஒன்றும் கேளாமல் உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் கொண்டு வந்தாள். எண்ணெய் விட்டுச் சற்றுப் போராடிய பிறகு கதவு திறந்தது. குழந்தையைப் பாயில் கிடத்தினார்கள். நாங்கள் நால்வரும் படியில் உட்கார்ந்து அந்தப் புளிச்சோற்றைப் பகிர்ந்து உண்டோம். மருமகள் மட்டும் குழந்தைக்குப் பக்கத்திலேயே உண்டுவிட்டு உறங்கிப் போனாள்.

விடிந்து பார்க்கும்போது அவர்கள் போய்விட்டார்கள். திண்ணை சுத்தமாகப் பெருக்கியிருந்தது. தண்ணீர் கொடுத்த செம்பு விளக்கிக் கவிழ்த்து வைத்திருந்தது.

நண்பர் பேருந்து ஏறும்போது, "உங்கள் ஊரில் சாப்பிடச் சிறந்த இடம் எது என்று யாராவது கேட்டால் உங்கள் வாசற்படி என்று சொல்வேன்" என்றார். "சோறு எங்களுடையதல்லவே!" என்றேன்.

கம்பிக் கதவை நான் இன்னும் எடுத்துவிடவில்லை. குடத்தைப் பற்றிய கவலை அடியோடு தீர்ந்துவிட்டதென்று சொன்னால் பொய்யாகும். ஆனால் அமாவாசை இரவுகளில் அதில் பூட்டுத் தொங்குவதில்லை.