கல்முனைக் கடலடியில் நடக்கும் மணல்

கல்முனைக்குச் செல்வோர் அங்குள்ள கடற்கரைப் பள்ளிவாசலைக் காணாது திரும்புவதில்லை. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது நாயகம் அவர்களின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றம் நிகழும் அப்பள்ளியின் முன்னே, கீழ்வானம் வெளுக்கும் வேளையில் நாம் நின்றோம். அருகே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரு கூட்டத்தார், இரு கயிறுகள், நடுவே, கடலுக்குள் மறைந்து வரும் மடி. கண்ணுக்குத் தெரியாத கடலடியை அவர்கள் கயிற்றினாலேயே அறிந்துகொள்வது போல நமக்குத் தோன்றியது.

நாம் சென்றதும் அக்கடலடியைப் பற்றி அறியும் அவாவினாலேதான். இன்று கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் பேச்சும் செய்தியும் பெரும்பாலும் செயற்கைக் கோள்கள் வழியாகச் செல்வதில்லை. மயிரிழை போன்ற கண்ணாடி நார்களைப் பொதிந்த கடல் வடங்களின் வழியாகவே செல்கின்றன. சிங்கப்பூரையும் பிரான்ஸையும் இணைக்கும் ஸீ-மீ-வீ 5 என்னும் வடம் ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர் நீளமுடையது. 2016ஆம் ஆண்டில் பணிதொடங்கிய அது, இலங்கையில் மாத்தறையிலே கரையேறுகின்றது. அத்தகைய வடமொன்று நெசவுக்குப் பெயர்பெற்ற மருதமுனையிலோ நிந்தவூரிலோ கரையேற வேண்டுமாயின், முதலில் செய்யத்தக்கது யாது? கரையோரக் கடலடியை அளப்பதேயாம்.

ஆழ்கடலில் வடத்துக்கு அபாயம் குறைவு. ஆபத்தெல்லாம் ஆழங்குறைந்த நீரிலேதான். உலகில் ஆண்டுதோறும் 150 முதல் 200 வரையிலான வடப் பழுதுகள் நேர்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை மீன்பிடிக் கருவிகளாலும் நங்கூரங்களாலும் விளைபவை. ஆகவே கரையோரத்தில் வடத்துக்கு உருக்குக் கம்பிக் கவசம் அணிவித்து, மணலுக்குள் புதைத்துவிடுகிறார்கள்.

முற்காலத்து மாலுமிகள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்தனர். குண்டின் அடியில் கொழுப்பு தடவியிருப்பர். அதில் ஒட்டி வருவது மணலா, சேறா, சிப்பியா என்று கண்டு தரையின் இயல்பை அறிவர். இன்றைய அளவையாளர் கயிற்றுக்குப் பதிலாக ஒலியை இறக்குகின்றனர். கடல்நீரில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1,500 மீற்றர் செல்லும். படகிலிருந்து சென்ற ஒலி செக்கனின் ஐம்பதில் ஒரு பங்கில் திரும்பி வந்தால், ஆழம் 15 மீற்றர் என்று கணக்கிடலாம். மற்றொரு கருவி ஒலியைப் பக்கவாட்டில் வீசிப் பாறையையும் உடைந்த படகையும் காட்டும். வேறொன்று மணலை ஊடுருவி அதன் தடிப்பைச் சொல்லும். பெரிய கப்பல் அணுகாத இடத்திற்குச் சிறு படகு செல்லும். படகும் செல்லாத இடத்தில் சுழியோடிகள் இரும்புக் கோலால் மணலைக் குத்திப் பார்ப்பர்.

வலையிழுத்து ஓய்ந்திருந்த முதியவர் ஒருவரிடம் இவற்றையெல்லாம் கூறினோம். அவர் நகைத்தார்.

"இண்டைக்கு அளந்து என்ன மனே? மாரி முடிஞ்சு வந்து பாருங்க, இந்த மண் இந்த இடத்திலயா கிடக்கும்?"

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. வடகீழ்ப் பருவக்காற்றின் பேரலைகள் கரையை அரித்துக் கொண்டுபோகும். கடல் அமைதியுறும் மாதங்களில் மணல் மெல்லத் திரும்பும். அதுமட்டுமன்று, அலைகள் சரிந்து வந்து மோதுவதால் மணல் கரையின் நெடுகிலும் நடந்துகொண்டேயிருக்கும். கடல் அமைதியான காலத்தில் ஒரு மீற்றர் ஆழத்திற் புதைத்த வடம், மாரிக்குப் பின் வெளியே தெரியவுங்கூடும். எனவே ஒருமுறை அளந்தால் போதாது. மாரிக்கு முன்னும் பின்னும் அளத்தல் வேண்டும்.

நடக்கும் மணலைத் தடுத்தால் என்னவாகும் என்பதைக் காணச் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் வழியாகத் தெற்கே ஒலுவிலுக்குச் சென்றோம். அங்கே 2013ஆம் ஆண்டில் துறைமுகம் திறக்கப்பட்டது. கடலுக்குள் நீட்டிய கல்லணைகள் வடக்கு நோக்கி நடந்த மணலை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரையைக் கடல் தின்றது, தென்னைகள் சாய்ந்தன. துறைமுக வாயிலையே மணல் மூடியதால் படகுகள் உள்ளே வர முடியாது தவித்தன. புதைத்த வடம் மணலை இவ்வாறு மறிக்காது. ஆயினும் மணலின் நடையைக் கணக்கிற் கொள்ளாத எந்த வேலையும் இக்கரையில் நிலைபெறாது என்பதற்கு ஒலுவில் சான்றாக நிற்கின்றது.

2004 திசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையின் ஊர்களை வாரிச் சென்றதை இங்குள்ளோர் மறந்தாரல்லர். கரையோர ஆழங்களைத் திருத்தமாகக் காட்டும் படம், அத்தகைய அலை எங்கே எவ்வளவு உயரும் என்று கணிப்பதற்கும் பயன்படும். ஆகவே வடத்துக்காகச் செய்யும் அளவை ஊருக்கும் உதவத்தக்கது.

மாலையில் கல்முனைக்குத் திரும்பியபோது முதியவர் வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும், "நாங்க வலை வளைக்கிற இடத்தையும் அந்தப் படத்தில கீறுவாங்களா?" என்று வினவினார்.

"கீறத்தான் வேணும், காக்கா" என்றோம்.

வலை வடத்தில் சிக்கினால் இரண்டுக்குமே கேடு. வலையின் இடம் இல்லாத படம் எவ்வளவு நுட்பமாயிருந்தாலும் பாதிப் படமே. அளவையாளரின் படகு என்றேனும் இக்கரைக்கு வருமாயின், கருவிகளை நீரில் இறக்குமுன் அவர்கள் மணலில் இறங்கி, வலையிழுப்போரிடம் சற்றுப் பேசியிருக்கட்டும்.