மதகு கண்ட வெள்ளம்

ஆற்றல் உடையது எதுவாயினும் அதற்கு ஒரு வழி வேண்டும். காவிரியின் கடைமடையில் வாழும் எங்களுக்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கரை கடந்து வரும் வெள்ளம் இளநாற்றை அழுகச் செய்யும், வரப்பை உடைக்கும், வீட்டையும் சூழும். அந்நீரே மதகின் வழியாக வாய்க்காலிற் புகுந்து வயலை அடையுமாயின் நெல்லாக விளையும். நீருக்கு வழி காட்டத் தெரிந்தவனே நல்ல உழவன். வயலுக்குரிய இவ்விதி, வீட்டு முற்றத்தில் நிற்கும் நாய்க்கும் பொருந்தும் என்பதை நான் ஓய்வுபெற்ற பின்னரே கண்டறிந்தேன். அதனை இங்கே கூறுவேன்.

தமிழர் வாழ்வில் நாய் நேற்று வந்த உயிரன்று. மனிதன் ஆட்டையும் மாட்டையும் வளர்க்கத் தொடங்குமுன்னரே நாயைத் தோழனாகக் கொண்டுவிட்டான். அவ்வுறவு 15,000 ஆண்டுகட்குக் குறையாதது என்பர் ஆராய்ச்சியாளர். சங்கச் செய்யுட்களில் நாய் ஞமலி என்றும் ஞாளி என்றும் பெயர் பெறும். தொல்காப்பியர் மரபியலில் நாயின் இளமைப் பெயரைக் குருளை என்றும், அதன் பெண்பாற் பெயரைப் பாட்டி என்றும் வகுத்தார். இதனை நான் வகுப்பிற் சொன்னபோதெல்லாம் மாணாக்கர் சிரித்த சிரிப்பு இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. நட்பாராய்தலைக் கூறும் நாலடியாரும், யானையினும் நாயையே நல்ல நண்பருக்கு உவமையாகக் காட்டுகின்றது.

நம் நாட்டுக்கெனச் சிறந்த நாயினங்கள் பல உள்ளன. இராசபாளையம், கோம்பை, கன்னி, சிப்பிப்பாறை என்பன அவற்றுட் சில. இராசபாளையம் நாயின் உருவம் பொறித்த அஞ்சல்தலையை இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டில் வெளியிட்டது. சிப்பிப்பாறை நாய் நீண்ட கால்களும், ஒட்டிய வயிறும், ஆழ்ந்த மார்பும் உடையது. முயலைக் கண்ணாற் கண்டு, விரைந்து ஓடிப் பிடிப்பதற்கென்றே நம் தென்மாவட்டத்து மக்கள் அதனைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தனர். இன்றோ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவ்வேட்டையை விலக்கிவிட்டது. நாயின் தொழில் போயிற்று. அத்தொழிலுக்கென அமைந்த வேகம் மட்டும் போகவில்லை.

அவ்வேகத்தின் உருவமாகவே ஒரு நாய் பூம்புகாரில் எங்கள் இல்லத்திற்கு வந்தது. என் தம்பி மகன் பணியின்பொருட்டு அயல்நாடு சென்றபோது, ஒன்றரை வயதுடைய அந்நாயை எங்களிடம் ஒப்படைத்தான். மின்னல் என்பது அதன் பெயர். பெயருக்கேற்ப அது ஓரிடத்தில் நில்லாது. வருவோர் மீதெல்லாம் தாவும். கொடியிற் காயும் ஆடையை இழுக்கும். வாழைக்கன்றின் அடியைத் தோண்டும். இலை அசைந்தாலும் குரைக்கும். அது வந்த பத்தாம் நாள், கடற்கரையிலிருந்து கூடையுடன் வந்த மீன் விற்கும் மூதாட்டியார் ஒருவரைக் கண்டதும் வாயிலைக் கடந்து பாய்ந்தது. அம்மையார் நிலைகுலைந்து வீழ்ந்தார். கூடை கவிழ்ந்தது, மணிக்கட்டில் வீக்கம் கண்டது.

தெருவார் கூடிவிட்டனர். “இரவும் பகலும் சங்கிலியிற் கட்டி வையுங்கள்” என்றார் ஒருவர். “வண்டியில் ஏற்றிச் சீர்காழிக்கு அப்பால் விட்டு வந்துவிடுங்கள்” என்றார் மற்றொருவர். எட்டாம் வகுப்பிற் பயிலும் என் பெயரன் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணீர் உகுத்தான். அப்போது அம்மூதாட்டியார், “வாத்தியாரையா, அது பகையினால் என்னைத் தள்ளவில்லை, களிப்பினால் தள்ளிவிட்டது. ஒரு மாதம் பாருங்கள். அதன் பின்னும் அடங்காவிட்டால் தெருவார் சொற்படி செய்யுங்கள்” என்றார். அடிபட்டவரே தவணை தந்தமையால் மற்றவர் வாய் அடைத்தது. ஒரு மாதம் என்னும் அத்தவணையில் ஓர் உயிரின் வாழ்வு அடங்கியிருந்தது.

மறுநாள் கால்நடை மருத்துவரை நாடினோம். அவர் நாயை நன்கு சோதித்து, நோய் ஏதும் இல்லை என்றார். பின்னர், “இது நாள்தோறும் எவ்வளவு நேரம் ஓடுகின்றது?” என்று வினவினார். புதிய இடம் பழகும்வரை முற்றத்திலேயே இருக்கின்றது என்றேன். “ஓடப் பிறந்த கால்களுக்கு ஓட்டம் வேண்டும். ஆயினும், ஓட்டம் ஒன்றே போதாது. ஓட்டம் மட்டும் கொடுத்தால் இன்னும் வலிய நாய்தான் கிடைக்கும். உடலுக்குப் பயிற்சியும் உள்ளத்துக்குப் பழக்கமும் சேர்ந்தே நடக்க வேண்டும்” என்று கூறி, இரண்டுக்கும் முறை வகுத்துத் தந்தார்.

உடற்பயிற்சிக்கு வைகறையும் மாலையுமே ஏற்றவை. நாய் நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி மூச்சிரைத்தே தன் வெப்பத்தைத் தணிக்கின்றது. ஆதலின், நண்பகலில் அதனை ஓடவிடுதல் உயிருக்கே தீங்காகும். புறங்கையை மணலில் வைத்துப் பார்த்து, நம் கை பொறுக்காத சூட்டில் அதன் காலும் பொறுக்காது என்று அறிதல் வேண்டும். வயிறு நிறைய உண்ட உடனே ஓட்டுவதும் ஆகாது. எலும்பு முற்றாத இளங்குருளையை நெடுந்தொலைவு ஓட்டுவதும் தவறு. பெயரன் விடியுமுன் எழுந்து, நீண்ட கயிற்றுடன் மின்னலைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வான். சிறிது நடை, சிறிது ஓட்டம், மீண்டும் நடை என அரைமணிக்கு மேல் கழியும். வழியில் அது முகர விரும்பிய இடங்களிலெல்லாம் நின்று முகர விட்டோம். நமக்கு நாளிதழ் எப்படியோ, நாய்க்கு மோப்பம் அப்படி. வீட்டில் வைக்கோலுக்குள் உணவுத் துண்டுகளை மறைத்து வைத்துத் தேடச் செய்தோம். தேடிக் களைத்த நாய் ஓடிக் களைத்த நாயைப் போலவே அமைதியாகத் துயின்றது.

இனி, உள்ளப் பழக்கம். உருசிய நாட்டு அறிஞர் பாவ்லோவ், செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவர். உணவு வருமுன் ஒரு குறிப்பை மீண்டும் மீண்டும் காட்டினால், பின்னர் அக்குறிப்பு ஒன்றுக்கே நாயின் வாயில் நீர் ஊறும் என்று அவர் நிறுவினார். ஒரு குறிப்பும் ஒரு பயனும் நாயின் உள்ளத்தில் இணைந்துவிடும் என்பதே இதன் கருத்து. ஆகவே, கட்டளைச் சொல் எப்போதும் ஒன்றாக இருத்தல் வேண்டும். எங்கள் இல்லத்தில் பெயரன் “உட்கார்” என்றான். என் துணைவியார் “குந்து” என்றார். நானோ “அமர்க” என்றேன். மருத்துவர் நகைத்து, “இலக்கணம் எதுவாயினும் ஆகுக, சொல் ஒன்றாகட்டும்” என்றார். “அமர்” என்பது முடிவாயிற்று. அச்சொற்கேட்டு அமர்ந்த அந்நொடியிலேயே முள் நீக்கிய அவித்த மீன் துண்டொன்றைக் கொடுப்போம். பயிற்சி ஒரு வேளைக்கு ஐந்து நிமிடத்திற்கு மேற்போகாது.

தாவினால் அடிப்பதில்லை, அதட்டுவதும் இல்லை. அடி அச்சத்தை வளர்க்கும். அச்சம் கடிக்கத் தூண்டும். நாம் உரக்கக் கத்தினால் கிளர்ந்த நாய் மேலும் கிளரும். ஆகவே, அது தாவும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு தூண் போல் நிற்போம். நான்கு கால்களும் நிலத்திற் பட்டவுடன் தடவிக் கொடுப்போம். அது தானாகவே அமைதியாகப் படுத்திருக்கும் வேளையில் மெல்லச் சென்று பாராட்டுவோம். குழப்பத்தைக் கண்டிக்க விரையும் நாம், அமைதியைப் பாராட்ட மறந்துவிடுகின்றோம் அன்றோ?

முதல் வாரத்தில் தாவுதல் குறையவில்லை, மிகுந்தது. பழைய வித்தை பலிக்காதபோது நாய் அதனை இன்னும் முயன்று பார்க்கும் என்று மருத்துவர் முன்னரே எச்சரித்திருந்தார். ஆதலின் மனந்தளரவில்லை. இரண்டாம் வாரத்தில் சொல்லுக்கு அமர்ந்தது. மூன்றாம் வாரத்தில் ஆட்டு மந்தை ஒன்றைக் கண்டு கயிற்றை இழுத்தோடியதில் பெயரனின் உள்ளங்கை சிராய்த்தது. அன்று மாலையும் அவன் பயிற்சியை நிறுத்தினானில்லை. மந்தைக்கு வெகுதொலைவில் நின்று “வா” என்னும் சொல்லைப் பழக்கி, நாள்தோறும் சிறிது சிறிதாக அருகே சென்றான்.

தவணை நாள் வந்தது. மூதாட்டியார் கூடையுடன் வாயிலில் நின்றார். தெருவாரும் சிலர் பார்த்திருந்தனர். மின்னலின் உடல் முழுவதும் துடித்தது. வால் தரையைப் பெருக்கியது. பெயரன் மெல்லிய குரலில் “அமர்” என்றான். நாய் அமர்ந்தது. அம்மையார் கூடையை இறக்கி வைத்து, தாமே அருகில் வந்து அதன் தலையைத் தடவினார். “நாய் மட்டுமா திருந்தியது, ஐயா? விடிந்தும் எழாத உங்கள் பேரன், இப்போது எனக்கு முன்னே கடற்கரையில் நிற்கிறான்” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. பிறிதோர் உயிருக்கு ஒழுங்கு கற்பிக்கப் புகுந்தவன் முதலில் தானே ஒழுங்கைக் கற்கின்றான். மாணாக்கர்களே! உங்கள் இளமையும் ஒரு வெள்ளமே. அது விளையாட்டுத் திடலிற் சிறிது பாயட்டும். நூல்களிற் சிறிது பாயட்டும். பிறர்க்கு உதவும் பணியிற் சிறிது பாயட்டும். அடக்கம் என்பது ஆற்றலைக் கட்டிப்போடுவதன்று. வேண்டும்போது ஓடவும், வேண்டும்போது அமரவும் வல்லதாக அதனை ஆக்கிக்கொள்வதே அடக்கம் எனக் கொள்வீராக.