மகைனினும் அதன் துணையும்

எர்லாங்கனுக்கு வடமேற்கே டெக்ஸன்டோர்ஃப் ஏரிக்கரையில், வசந்த கால மாலைகளில் தவளைச் சத்தம் கேட்டபடி நடப்பது எனக்குப் பிடிக்கும். சேறும் பாசியும் கிருமியும் மண்டிய நீரிலேயே கிடக்கும் அந்த ஈரத்தோல் ஏன் அழுகுவதில்லை?

ஆய்வாளர் மைக்கேல் ஜாஸ்லாஃபுக்கும் அமெரிக்காவின் பெதஸ்டாவில் இந்தக் கேள்விதான் எழுந்தது. ஆய்வுக்காக வயிற்றைக் கீறித் தைத்த ஆப்பிரிக்க நகத்தவளைகளைச் சுத்தம் செய்யாத தொட்டியில் திரும்ப விட்டார். காயங்கள் சீழ்பிடிக்காமல் ஆறின. அந்தத் தோலிலிருந்து பிரித்தெடுத்த மகைனின் என்ற பெப்டைடை 1987-இல் அறிவித்தார். 23 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி, நேர்மின்னூட்டம் உடையது. பாக்டீரியாவின் சவ்வில் எதிர்மின்னூட்டம் மிகுதி. நம் செல்களின் வெளிப்புறமோ ஏறக்குறைய நடுநிலை. ஆகவே அது பாக்டீரியாவைத்தான் தேடிப் பற்றுகிறது.

எனக்குப் பெரிய வியப்பு, அதே தோலில் சுரக்கும் பிஜிஎல்ஏ என்ற இன்னொரு பெப்டைடு. அதில் 21 அமினோ அமிலங்கள். இரண்டையும் கலந்தால், தனித்தனியே செய்யும் வேலையைக் கூட்டினால் வருவதைவிடச் சவ்வு மிக அதிகமாகக் கசிகிறது. இரண்டும் ஜோடி சேர்ந்து துளையிடுவதாகக் கியோட்டோவில் மத்சுசாகி குழு 1998-இல் சொன்னது. சவ்விலுள்ள கொழுப்பு மூலக்கூறுகளின் இயல்பான வளைவுக்கேற்ப இந்தக் கூட்டுப்பலன் மாறுவதாகக் கிராட்ஸ் ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள். என் மனம் சவ்வின் பக்கமே சாய்கிறது. மகைனின் இடும் துளையில் கொழுப்பு மூலக்கூறுகளும் உள்நோக்கி வளைந்து அதன் விளிம்பாக நிற்கின்றன என்பதே வலுவான கருத்து. அப்படியானால் தாக்கப்படும் சவ்வும் இந்தக் கூட்டில் மூன்றாவது ஆள்.

அதனால்தான் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் ரைனர் போக்மன் குழு சவ்வுகளைக் கணினியில் அசைத்துப் பார்க்கும் வேலையை மதிக்கிறேன். அணு அணுவாகப் பார்த்தால், ஒரு மைக்ரோநொடி அசைவுக்கே ஏறத்தாழ 50 கோடி கணக்கீட்டுப் படிகள் வேண்டும்.

மகைனினைத் திருத்திச் செய்த பெக்ஸிகனான் என்ற களிம்பு மருந்துக்கு 1999-இல் அமெரிக்கா அனுமதி தரவில்லை. சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்கு, இருந்த மருந்தைவிட அது மேலாக இல்லை. தவளை தனியாக அனுப்பாத ஒன்றை நாம் தனியாக அனுப்பினோம். அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அது உறுத்துகிறது. கேரளத் தவளை ஒன்றின் தோலிலிருந்து 2017-இல் வெளிவந்த உருமின் என்ற பெப்டைடு, ஹெச்1 வகை ஃப்ளூ வைரஸ்களை அழிக்கிறது. அதே தோலில் அதனோடு சுரக்கும் மற்றவற்றையும் சேர்த்தே சோதிக்க வேண்டும் என்பது என் ஆசை.