அதிகாலையில் கணக்குப் பார்ப்பவர்

சென்ற பங்குனியில், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், நாங்கள் நால்வரும் ஓர் இரவு முழுவதும் கண்விழித்துக் கூத்துப் பார்த்தோம். 'அபிமன்னன் சண்டை'. போளூர்ப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து மலையேறி வந்திருந்த ஜமா. துரியோதனனாக வந்தவர்தாம் அதன் வாத்தியார். விடிந்ததும் முகத்தைப் பாதி கழுவியும் கழுவாமலும், ஒரு கன்னத்தில் சிவப்பு அப்படியே நிற்க, வேனின் படியில் அமர்ந்து பணத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், வேஷக்காரர்கள், வேன் வாடகை. தமக்கென்று கடைசியாக எடுத்தது எவ்வளவு என்று நாங்கள் பார்க்கவில்லை. பார்ப்பது நாகரிகமாகவும் படவில்லை.

எங்கள் பையில் அப்போது டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' இருந்தது. பயணத்தில் மாற்றி மாற்றிப் படிக்கலாம் என்று எடுத்துச் சென்றது. நாடகக் கலைஞரின் நினைவுகள் என்று எண்ணித் தொடங்கியிருந்தோம். வாத்தியாரைக் கண்ட பிறகு அது வேறு நூலாகத் தெரிந்தது.

சண்முகம் 1912-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். 1918-இல், ஆறு வயதில், அண்ணன்மாரோடு மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் சேர்ந்தார். அந்தச் சிறுவனின் திறமையைக் கண்ட சுவாமிகள் அவனுக்காகவே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் நன்கறிந்த செய்தி. இதைச் சொல்லும்போது எல்லோரும் சுவாமிகளின் வேகத்தையே வியக்கிறார்கள். எங்களுக்கு வியப்பளிப்பது வேறு: ஒரு பையன் கிடைத்துவிட்டான், குரல் உடைவதற்குள் அவனுக்கொரு நாடகம் வேண்டும் என்று ஆசிரியர் கண்ட கணக்கு. பாய்ஸ் கம்பெனிகளின் பெருந்துயரம் மகரக்கட்டு. நேற்று ராஜபார்ட்டாகக் கைதட்டு வாங்கியவன், குரல் உடைந்தவுடன் திரை இழுக்கப் போவான்.

சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார். 1925 மார்ச்சு இறுதியில் சகோதரர்கள் சொந்தமாக மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபாவைத் தொடங்கியபோது சண்முகத்துக்குப் பதின்மூன்று வயது நிறைய இன்னும் சில வாரங்கள் இருந்தன. சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்ற நால்வரும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். நடிப்பவர்களே முதலாளிகள், வசூல் இல்லாத ஊரிலும் கம்பெனி வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். கொட்டகை பிடிப்பது, நோட்டீசு அடிப்பது, காண்டிராக்டரிடம் பேசுவது, சீன்களை ரயிலேற்றுவது, விட்டுப்போன நடிகனுக்கு மாற்று தேடுவது ஆகியவை முடிந்த பிறகுதான் அரிதாரம். என்.எஸ். கிருஷ்ணனைப் போன்றவர்கள் வளர்ந்தது இந்த வீட்டில்தான். 'மேனகா' நாடகம் 1935-இல் படமானது. 1942-இல், முப்பது வயது ஆண்மகன் கிழவி வேடமிட்டு ஔவையாராக நின்று, அந்தப் பெயரையே தம் பெயருக்கு முன்னால் வாங்கிக்கொண்டார். இன்று சென்னையில் ஔவை சண்முகம் சாலை என்று சொல்பவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு வேடத்தின் பெயர் என்று தெரியும்?

அன்று காலை மலையிலிருந்து இறங்கும் வழியில் எங்களில் ஒருவர் மலைபடுகடாத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். இந்த மலையடிவாரத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய நூல். கூத்தராற்றுப்படை என்பது அதன் மற்றொரு பெயர். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகளையும் மலைவளம், அருவி ஓசை, உவமை என்று படித்துத்தான் நமக்குப் பழக்கம். கல்லூரியில் எங்களுக்கும் அப்படித்தான் கற்பித்தார்கள். ஆனால் பேசுகிறவன் யார்? பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன். கேட்கிறவன் யார்? வாத்தியக் கருவிகளைப் பையில் கட்டிச் சுமந்து சுற்றத்தோடு நடந்து வரும் கூத்தர் தலைவன். எந்த வழியில் போனால் பன்றிக்கு வைத்த பொறியில் சிக்க நேரும், தினைப்புனக் காவலரின் கவண்கல் எங்கே வந்து விழும், எந்தக் குடியில் என்ன சோறு கிடைக்கும், சேயாற்றை ஒட்டி எப்படிப் போவது, போய்ச் சேர்ந்தால் புரவலன் எப்படி வரவேற்பான் என்பவையே செய்திகள். ஒரு குழுவின் நிர்வாகி இன்னொரு குழுவின் நிர்வாகிக்குச் சொல்லும் வழிக்குறிப்பு அது. அழகு அதில் தானாக வந்து சேர்ந்தது.

இப்படிச் சொல்வது இலக்கியத்தைக் குறைத்து மதிப்பிடுவதாகும் என்று மற்றொரு நண்பர் கோபித்துக்கொண்டார். பர்வதமலை கண்ணுக்குத் தெரியும் வரை சண்டை நீடித்தது. எங்களுக்கோ, பசியோடு இருபது பேரை அழைத்துச் செல்பவனின் கவலை அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதால் பாட்டின் தரம் குறையும் என்று தோன்றவில்லை. சண்முகத்தின் நூலும் அத்தகையதே. எந்த ஊர், எந்தக் கொட்டகை, எந்த நாடகம் எடுபட்டது, யார் வந்தார், யார் போனார் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர், தாம் எப்படி நடித்தோம் என்பதைச் சில வரிகளில் கடந்துவிடுகிறார். முதலில் இது எங்களுக்குக் குறையாகப் பட்டது.

கூத்தில் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அன்றிரவு அபிமன்னனாக ஆடியவருக்கு நாற்பத்தைந்து வயதுக்குக் குறையாது. கால் நன்றாகவே பேசியது. குரல்தான் நள்ளிரவுக்கு மேல் ஒத்துழைக்கவில்லை. சக்கரவியூகத்துக்குள் பாலகன் நுழையும் கட்டத்தில் முன்வரிசைச் சிறுவர்கள் சிரித்துவிட்டார்கள். வாத்தியாருக்கு அது கேட்டிருக்கும்.

புறப்படும்போது அவரிடம் விடைபெறச் சென்றோம். பணம் பிரித்தாயிற்று. புஜக்கட்டைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் எழுதுகிறவர்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பேட்டி கேட்போம் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, அவரே முந்திக்கொண்டார்:

"சார், உங்களுக்குத் தெரிஞ்ச பக்கம் கூத்துல ஆசை வச்ச புள்ளைங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. பன்னெண்டு, பதிமூணு வயசு இருந்தாப் போதும். அபிமன்னனுக்கு."

எண்ணைக் குறித்துக்கொண்டோம்.