நேற்றைய தட்டு: புதுவையில் ஒரு பேஸ்ட்ரிக் கடைக் கணக்கு

புதுச்சேரிக்குப் போய்த் திரும்புகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. புருஷர்கள் என்ன கொண்டு வருகிறார்கள் என்பதை இங்கே ஆராய வேண்டாம். அது அவர்களுக்கும் எல்லைச் சோதனைச் சாவடிக்கும் உள்ள விவகாரம். பெண்மணிகள் கொண்டு வருவது ஒரு யோசனை. கடற்கரைக்கு அருகே ஏதாவது ஒரு கடையில் உட்கார்ந்து, வெண்ணெய் மணக்க மணக்க ஒரு குரோசானைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டதுமே அந்த யோசனை பிறந்துவிடுகிறது. "ஒரு பிடி மாவு, கொஞ்சம் வெண்ணெய். இதற்கா இத்தனை ரூபாய்? நாமே இப்படி ஒரு கடை வைத்தால் என்ன?"

கேள்வி நியாயமானதுதான். வைக்கலாம், லாபமும் பார்க்கலாம். ஆனால் கைவளையலைக் கழற்றி ஓவன் வாங்குவதற்கு முன்னால், புதுவைத் தெருக்களில் கொஞ்சம் நடந்துவிட்டு, ஒரு காகிதமும் பென்ஸிலும் எடுத்து உட்காரலாம், வாருங்கள்.

வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும்

ஊரின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே, கடலை ஒட்டி, மஞ்சளும் வெள்ளையுமாகச் சுவர்கள் கொண்ட பிரெஞ்சு வீடுகள். மேற்கே திண்ணையும் தாழ்வாரமும் வைத்த தமிழர் வீடுகள். இரண்டையும் குறுக்கே தைத்த நூல் மாதிரி கிழக்கு மேற்காகப் போகிறது புஸ்ஸி வீதி. 1785-ல் இந்த ஊரிலேயே காலமான பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் பெயர் அது. இப்போது லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று பெயர் மாறியிருந்தாலும், ஆட்டோக்காரரிடம் "புஸ்ஸி வீதி" என்றால் போதும். பிரெஞ்சு ரொட்டிக்கும் பேஸ்ட்ரிக்கும் பெயர் பெற்ற 'பேக்கர் ஸ்ட்ரீட்' இந்த வீதிக் கடைதான். ஊருக்கு வடக்கே குயிலாப்பாளையத்தில் ஆரோவில் பேக்கரி இருக்கிறது. இவை தவிர, பன்னும் பப்ஸும் விற்கும் பேக்கரிகளுக்கு ஊர் முழுவதும் பஞ்சமே இல்லை.

புதுவையின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1-ஆம் தேதி. சட்டப்படி முழுமையாக இணைந்தது 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி. கொடி இறங்கிற்று, ரொட்டி மட்டும் இறங்கவில்லை! 1826-ல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளியான லிசே இன்றும் நடக்கிறது. 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனமும் நடக்கிறது. இணைப்பின்போது பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்களின் சந்ததியாரும் இங்கே வசிக்கிறார்கள். காலையில் 'பகெத்' என்ற அந்த நீண்ட ரொட்டி இல்லாமல் ஆகாரம் இறங்காதவர்கள் இவர்களில் உண்டு.

அந்த ரொட்டியைப் பிரெஞ்சுக்காரர்கள் எவ்வளவு பெரிதாக நினைக்கிறார்கள் தெரியுமா? பாரம்பரிய ரொட்டி என்று பெயர் சொல்லி விற்க வேண்டுமானால் மாவு, தண்ணீர், உப்பு, நொதிக்கும் ஈஸ்ட் இவற்றைக் கொண்டே செய்ய வேண்டும் என்று 1993-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். 2022-ல் பகெத் செய்யும் கலை யுனெஸ்கோவின் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

சரி, இந்த ஊரில் பேஸ்ட்ரிக் கடைக்கு யார் வருவார்கள்? சனி, ஞாயிறில் பாருங்கள்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் 150 கிலோமீட்டர் கடந்து சென்னையிலிருந்தும், இரட்டிப்பு தூரத்தைக் கடந்து பெங்களூரிலிருந்தும் கார் கார்களாக ஜனங்கள் வந்து இறங்குகிறார்கள். தெருவில் நிற்க இடமில்லை. அதே தெருவுக்குச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய்ப் பாருங்கள். நாய் ஒன்று நடுத்தெருவில் நிம்மதியாகத் தூங்கும். சனிக்கிழமையைப் பார்த்துக் கடை வைக்கிறவர்கள் செவ்வாய்க்கிழமையும் வாடகை உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வெண்ணெயும் வெயிலும்

குரோசான் பிறந்தது பிரான்ஸில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் தாய்வீடு வியன்னா. ஆகஸ்ட் ஸாங் என்ற ஆஸ்திரியர் 1830-களின் கடைசியில் பாரிஸில் ஒரு வியன்னா ரொட்டிக் கடை திறந்தார். அங்கே விற்ற பிறைவடிவ ரொட்டியைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டு, அடுக்கடுக்காக மடித்துத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

அந்த அடுக்கில்தான் சூட்சுமம். பிசைந்த மாவுக்குள் ஒரு தகடு வெண்ணெயை வைத்து மூடித் தேய்த்து, கடிதம் மடிப்பதுபோல் மூன்றாக மடிக்க வேண்டும். குளிரில் வைத்து எடுத்து மறுபடி அப்படியே. மூன்று தடவை மடித்தால் மூன்று ஒன்பதாகி, ஒன்பது இருபத்தேழாகிறது. சுடும்போது வெண்ணெயில் இருக்கும் ஈரம் ஆவியாகி ஒவ்வோர் அடுக்கையும் தூக்கி நிறுத்துகிறது.

இங்கேதான் நம்முடைய ஊர் வெயில் குறுக்கே வந்து நிற்கிறது. வெண்ணெய் உருகுவது ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரி வெப்பத்தில். புதுவையின் மே மாத மத்தியானமோ 40 டிகிரியை எட்டிப் பார்க்கிறது. மாவுக்குள்ளேயே வெண்ணெய் உருகி வழிந்துவிட்டால் அடுக்காவது, மடிப்பாவது! வெறும் நெய் பன்தான் மிஞ்சும். ஆகவே தேய்க்கிற அறை 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மாவு பொங்குகிற இடம் 27 டிகிரியைத் தாண்டக் கூடாது. அடுப்பை விடக் குளிர்ச் சாதனத்துக்கே இந்தத் தொழிலில் அதிகச் செலவு. மின்சாரம் நின்றால் ஓவன் காத்திருக்கும், வெண்ணெய் காத்திருக்காது. முதல் போடும்போதே ஜெனரேட்டருக்கும் ஒரு தொகை ஒதுக்கிவிட வேண்டும்.

நம் பேக்கரி மாஸ்டர்களுக்கு இந்த மடிப்பு புதிதல்ல. மாலை நாலு மணிக்கு நாம் வாங்கும் பப்ஸும் இதே ஜாதிதான். ஆனால் பல இடங்களில் அதற்கு வெண்ணெய்க்குப் பதில் மார்கரின் போடுகிறார்கள். அது விலை மலிவு. வெயிலுக்கும் அசைந்து கொடுக்காது. வித்தியாசம் நாக்குக்குத் தெரியும். வெண்ணெய் வாய்ச் சூட்டிலேயே கரைந்துவிடும். கெட்டிக் கொழுப்பு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. வாங்கும் டின்னைப் படித்துப் பார்த்து வாங்குவது நல்லது.

தமிழ் நாக்குக்கு இந்த ருசி பிடிக்குமா என்ற சந்தேகம் வேண்டாம். 1989-ல் எம். மகாதேவன் சென்னையில் தொடங்கிய 'ஹாட் பிரெட்ஸ்' கடை, பிற்பாடு கடல் கடந்தும் கிளைகள் விட்டது. ஜனங்களுக்கு ருசி உண்டு. கடைக்குத்தான் கணக்கு வேண்டும்.

காகிதமும் பென்ஸிலும்

நம் சகோதரி ஒருத்தி புதுவையில் கடை வைத்துவிட்டாள் என்றே கற்பனை செய்துகொள்வோம். கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று குரோசான் ஒன்றையே விற்கிறாள். விலை 100 ரூபாய். மாவு, வெண்ணெய், முட்டை, சர்க்கரை எல்லாம் சேர்ந்து ஒன்றுக்கு 30 ரூபாய். வாடகை, சம்பளம், மின்சாரம் ஆகியவை நாள் ஒன்றுக்கு 3,000 ரூபாய். தினம் 60 சுடுகிறாள்.

அறுபதும் விற்றால் வரவு 6,000. சரக்கு 1,800, மற்றச் செலவு 3,000 போக மிச்சம் 1,200 ரூபாய்.

"என்னங்க, மாதம் 36,000 ரூபாய்!" என்கிறாள்.

"இன்னும் இரண்டு வளையல் இருக்கிறதே, இன்னோர் ஓவன் வாங்கலாமா?" என்கிறார் வீட்டுக்காரர்.

அவசரப்படாதீர்கள், ஐயா! செவ்வாய்க்கிழமை வருகிறது. அறுபதில் நாற்பத்தெட்டுதான் விற்றது. தட்டில் 12 மிஞ்சிவிட்டன. வரவு 4,800. செலவு? அதே 1,800-ம் 3,000-மாக 4,800. லாபம் சுழி! ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சியதும் முழு லாபமும் போயிற்று. பதினைந்து மிஞ்சினால் கையிலிருந்து 300 ரூபாய் போடவேண்டும். கடை நிறைய ஜனம், பாராட்டு, புகைப்படம் எல்லாம் இருக்கும். பெட்டியில் மட்டும் பணம் இருக்காது. கடையின் லாபம் ஓவனில் இல்லை, அம்மா. சாயங்காலம் மிஞ்சுகிற தட்டில் இருக்கிறது.

அவள் அன்றைக்கு 48 மட்டுமே சுட்டிருந்தால்? சரக்கு 1,440-தான், 360 ரூபாயாவது மிஞ்சியிருக்கும். ஆகவே முதல் மூலதனம் ஒரு நோட்டுப் புத்தகம். இன்று எத்தனை சுட்டோம், எத்தனை விற்றது, எத்தனை மிஞ்சிற்று, எத்தனை மணிக்குத் தீர்ந்தது, மழையா வெயிலா என்று தினம் ஒரு வரி. மூன்று மாதத்தில் அந்த நோட்டே செவ்வாய்க்கிழமைக்கு எத்தனை என்று சொல்லிவிடும்.

இன்னொரு யுக்தியும் உண்டு. சுடாத குரோசானுக்கு ஆயுள் உண்டு. சுட்டதற்கு இல்லை, கடற்காற்றின் ஈரத்தில் சாயங்காலத்துக்குள் அதன் மொறுமொறுப்புப் போய்விடும். ஆகவே உருட்டி வைத்ததைக் குளிரில் வைத்துக்கொண்டு, காலையில் பாதி சுட வேண்டும். பத்து மணிக்குத் தெருவைப் பார்த்துவிட்டு மீதியைச் சுடுவதா என்று தீர்மானிக்க வேண்டும்.

மிஞ்சியதை என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நம் வீட்டுப் பெண்களுக்குப் பாடம் நடத்த வேண்டுமா? மிஞ்சிய இட்லியை உப்புமாவாக்கியவர்கள், மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றிப் பழையதாக்கியவர்கள் அல்லவா? பிரெஞ்சுப் பெண்களும் அப்படியேதான். காய்ந்த ரொட்டியைப் பாலிலும் முட்டையிலும் தோய்த்து வாட்டி எடுப்பதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பெய்ன் பெர்து'. 'கைவிட்டுப் போன ரொட்டி' என்று அர்த்தம். போனதைப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து இலையில் வைக்கிறார்கள்!

பாரிஸ் கடைகளில் விற்கும் பாதாம் குரோசானும் இதே வம்சம். நேற்றைய குரோசானை இரண்டாக வகிர்ந்து, சர்க்கரைப் பாகில் நனைத்து, பாதாம் விழுதைத் தடவி மறுபடி சுட்டு எடுப்பது. நம் சகோதரி மிஞ்சிய பன்னிரண்டுக்கும் தலா 25 ரூபாய் செலவழித்து, 120 ரூபாய்க்கு விற்கிறாள் என்று வையுங்கள். அதிலும் மூன்று விற்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரவு 1,080, செலவு 300. சுழியாய்ப் போன நாளில் 780 ரூபாய் திரும்பி வந்துவிட்டது. ஆனால் ஒளிக்காமல், நேற்றையதில் செய்தது என்று சொல்லியே விற்கலாம். க்ரீம் வைத்த பண்டத்தில் மட்டும் இந்த விளையாட்டே கூடாது. அது 5 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய சரக்கு. பொழுது போனால் குப்பைக்குத்தான்.

கடையில் மூன்று தட்டு வேண்டும் என்பது இதனால்தான். ஒரு நாள் ஆயுள் உள்ள குரோசானுக்கு ஒன்று. இரண்டு மூன்று நாள் தாங்கும் சாதாரணக் கேக்குக்கு ஒன்று. வாரக்கணக்கில் இருக்கும் ரஸ்க், பிஸ்கோத்துக்கு ஒன்று. புதுவைக்கென்றே 'விவிக்கம்' என்று ஒரு கிறிஸ்துமஸ் கேக் உண்டு: ரவை, வெண்ணெய், முட்டை, முந்திரி, ரம்மில் ஊறிய பழவற்றல் எல்லாம் சேர்ந்தது. பிரெஞ்சுக்காரருக்கு ரவை தெரியாது, நமக்கு ரம் தெரியாது. இரண்டும் சந்தித்த இடம் புதுவை! டிசம்பரில் அதற்கு முன்கூட்டியே ஆர்டர் வாங்கிச் செய்தால், விற்குமா விற்காதா என்ற கவலை அந்தத் தட்டுக்கு இல்லை.

சர்க்கார் சங்கதி

வீட்டு அடுப்பில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்துகொண்டு 14 இலக்க எண் வாங்கவேண்டும். சிறு வியாபாரத்துக்குப் பதிவு போதும்; பெரிதானால் உரிமம். ஜி.எஸ்.டி. வரியில் சாதா ரொட்டிக்கு விலக்கு உண்டு. கேக், பேஸ்ட்ரிக்கு 18 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது. இது இந்தத் தொழிலுக்கு நல்ல செய்தி.

ஆகவே சகோதரிகளே, வளையல் கையிலேயே இருக்கட்டும். முதலில் வீட்டிலிருந்தே ஆர்டருக்குச் செய்து பாருங்கள். தெரிந்த பத்துக் குடும்பம், பிறகு இருபது குடும்பம். நோட்டில் தினம் ஒரு வரி எழுதுங்கள். சனிக்கிழமைக் கூட்டத்தை நம்பாமல், செவ்வாய்க்கிழமையும் ரொட்டி கேட்கும் வீடுகளைத் தேடிப் பிடியுங்கள். மூன்று மாதக் கணக்கில் மிஞ்சிய தட்டு சிறுத்துக்கொண்டே வந்தால், அப்போது வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் வாடகை குறைவு என்று விசாரிக்கப் புறப்படலாம். சிறுக்கவில்லையா? வளையல் தப்பிற்று, வீட்டில் உள்ளவர்களுக்கு மூன்று மாதம் நல்ல பலகாரமும் கிடைத்தது.