நாங்கள் செய்த விமானம்

வானில் விமானம் செல்லும் ஓசை கேட்டால் அண்ணாந்து பாராதவர் நம் பள்ளியில் எவரேனும் உண்டோ? வகுப்பு நடந்துகொண்டிருந்தாலும் கண்கள் தாமாகவே சன்னலை நாடிவிடும். ‘வானத்தைப் பார்த்தது போதும், கரும்பலகையைப் பாருங்கள்’ என்று ஆசிரியையர் பலமுறை எங்களைக் கடிந்ததுண்டு. அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்த நாங்கள் நால்வர் 2023-ஆம் ஆண்டில் ஒரு சிறு விமானத்தைச் செய்து பறக்கவிட்டோம். அந்தக் கதையை நால்வரும் சேர்ந்தே எழுதுகிறோம். எவள் எதைச் செய்தாள் என்று பெயர் சொல்லப் போவதில்லை. காரணம் போகப் போக விளங்கும்.

எங்களுள் ஒருத்தியின் தாத்தா விமானப் படையில் பழுது பார்க்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜூன் மாதத்தில் ஒருநாள் அவர் தம் பழைய இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு சிறு எஞ்சினை எடுத்துக் காட்டினார். எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றே பெரிது. கொள்ளளவு 6.5 கன சென்டிமீட்டர். பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்ததால் உள்ளே எண்ணெய் பிசினாக இறுகி, அசையவே இல்லை. “ஊற வைத்தால் அசையும், அசைந்தால் ஓடும், ஓடினால் பறக்கும்” என்றார் தாத்தா. மெத்தனாலில் ஊறவைத்த மூன்றாம் நாள் அது சுழன்றது. அன்றே எங்களுக்கு ஆசை பற்றிக்கொண்டது.

இயற்பியல் ஆசிரியையாகிய சிஸ்டரிடம் அனுமதி கேட்டோம். “படிப்பு கெடக் கூடாது, எரிபொருளைப் பெரியவர் இல்லாமல் தொடக் கூடாது, சுழலும் விசிறிக்கு அருகே கை போகக் கூடாது” என்று மூன்று நிபந்தனைகள் விதித்தார். மூன்றுக்கும் தலையாட்டினோம்.

முதலில் எஞ்சினைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். இதற்குப் பெட்ரோல் வேண்டாம். மெத்தனால் நான்கு பங்கும் விளக்கெண்ணெய் ஒரு பங்கும் கலந்த எரிபொருள் போதும். ஆம், நம் பாட்டிமார் வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் அதே விளக்கெண்ணெய்தான்! எஞ்சினுக்குள் உராய்வைத் தடுப்பது அதன் வேலை. இந்த எஞ்சினின் பிளக்கில் பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள் இருக்கிறது. தொடங்கும்போது மட்டும் ஒரு சிறு மின்கலத்தால் அதைச் சிவக்கச் சூடாக்க வேண்டும். பிறகு மின்கலத்தை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தைத் தொட்டதும் வினை நிகழ்ந்து, கம்பி தானே கனன்றுகொண்டிருக்கும். இத்தகைய பிளக்கை 1947-இல் அமெரிக்கரான ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு பளுவான மின்கலமும் சுருளும் விமானத்தில் ஏற வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. வேதியியல் பாடத்தில் ‘வினையூக்கி’ என்று மனப்பாடம் செய்த சொல் எங்கள் கண்முன்னே கனன்றது.

மெத்தனால் நஞ்சு. அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தாத்தா இல்லாத நேரத்தில் அந்தக் கலத்தின் மூடியைக்கூட நாங்கள் திறக்கவில்லை. ஆனால் விளக்கெண்ணெய் வாடை மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. ஒருநாள் வகுப்பறைக்குள் வந்த சிஸ்டர் மூக்கைச் சுளித்து, “யாருக்கம்மா வயிறு சரியில்லை?” என்று கேட்டபோது வகுப்பே சிரித்தது.

உடலும் இறக்கையும் பால்சா மரத்தால் ஆனவை. தென் அமெரிக்காவிலுள்ள எக்வடார் நாட்டிலிருந்தே பெரும்பாலும் வரும் இம்மரம், கையில் எடுத்தால் எடை இருப்பதே தெரியாது. சவரத் தகட்டால் வெட்டலாம். இறக்கையின் முழு நீளம் 152 சென்டிமீட்டர். அதற்கு 21 விலா எலும்புகள் வெட்டினோம். ஒன்று சற்றுக் குட்டையாகிவிட்டது. இறக்கையில் பள்ளம் விழுந்தது. பிரித்து மீண்டும் ஒட்டினோம். எங்களுள் தச்சர் மகள் ஒருத்தி இருந்ததால் உளியும் உப்புத்தாளும் கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை. தையற்காரர் மகள் இஸ்திரிப் பெட்டியால் மேலுறைத் தாளை ஒட்டினாள். சூடு பட்டதும் அத்தாள் சுருங்கி மத்தளத் தோல்போல் விறைப்பாகிவிடும். சிவப்பும் மஞ்சளும் கலந்த அந்த விமானத்திற்குத் ‘தும்பி’ என்று பெயரிட்டோம். முடிந்ததும் எடை 2 கிலோ 300 கிராம்.

விமானத்தைத் தரையிலிருந்து ஆட்டிவைப்பது கையிலுள்ள டிரான்ஸ்மிட்டர். அதன் கட்டளையை விமானத்தினுள் இருக்கும் ரிசீவர் வாங்கி, சர்வோ எனப்படும் சிறு மோட்டார்களுக்கு அனுப்பும். ஒரு சர்வோ எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஒன்று வாலிலுள்ள கிடைமடலை அசைத்து மூக்கை ஏற்றி இறக்கும். ஒன்று சுக்கானைத் திருப்பும். மற்றொன்று இறக்கையின் பின்விளிம்பில் கீல் வைத்த இரு மடல்களை அசைக்கும். அவற்றை ஐலரான் என்பார்கள். வலப்பக்கம் சாய வேண்டுமானால் வல மடல் மேலேயும் இட மடல் கீழேயும் போக வேண்டும். இதை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பறக்கவிடும் பொறுப்பை ஒருத்தி ஏற்றாள். கணினியில் பயிற்சி விளையாட்டு வைத்து இரண்டு மாதம் பழகினாள். பிறகு மின்சாரத்தில் ஓடும் ஒரு நுரை விமானத்தைப் பள்ளித் திடலில் ஓட்டிப் பழகினாள். ஊருக்கு வெளியே வற்றிக் கிடந்த கண்மாயைத் தாத்தா பார்த்து வைத்தார். 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி அந்த இடம் வான்வெளி வரைபடத்தில் பச்சைப் பகுதிக்குள் இருக்கிறதா என்று பார்த்தோம். அங்கும் 120 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆடிக் காற்று அடங்கட்டும் என்று காத்திருந்து, செப்டம்பர் 2, சனிக்கிழமை காலை என்று நாள் குறித்தோம்.

முந்தின நாள் மாலை ஐலரான் சர்வோ நடுங்கத் தொடங்கியது. ஓட்ட வேண்டியவள் அன்று வரவில்லை. அவள் தங்கைக்குக் காய்ச்சல். நாங்கள் மூவரும் பெட்டியில் கிடந்த வேறொரு சர்வோவை மாற்றினோம். குச்சியை அசைத்தோம், மடல்கள் அசைந்தன. “எல்லாம் சரி” என்று தொலைபேசியில் அவளுக்குச் சொன்னோம்.

மறுநாள் காலை 6 மணி. பெற்றோரும் சிஸ்டரும் கரையின்மேல் நின்றார்கள். தாத்தா ரப்பர் சுற்றிய கழியால் விசிறியைத் தட்ட, எஞ்சின் சீறி எழுந்தது. தும்பி கண்மாய்த் தரையில் ஓடி, எழும்பிற்று! நாங்கள் கைதட்டினோம். சற்றே இடப்பக்கம் சாய்ந்தது. அவள் வலப்பக்கம் குச்சியைத் தள்ளினாள். இன்னும் இடப்பக்கம் சாய்ந்தது. மேலும் தள்ளினாள். தும்பி தலைகீழாகப் புரண்டு கருவேலம் புதர் ஓரத்தில் மோதியது. மொத்தம் 11 விநாடி. ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17-ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது 12 விநாடி. அவர்களைவிட ஒரு விநாடிதான் குறைவு என்று இன்று சிரித்துக்கொள்கிறோம். அன்று சிரிக்கவில்லை.

அன்று நாங்கள் செய்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. “வலப்பக்கம் தள்ளு என்று கத்தினோமே, கேட்டாயா?” என்று அவளைப் பார்த்துக் கேட்டோம். “வலப்பக்கந்தான் தள்ளினேன்” என்றாள். நாங்கள் நம்பவில்லை. பயத்தில் கை மாறியிருக்கும் என்று அவள் காதுபடவே பேசிக்கொண்டோம். மூன்று மாத உழைப்பைக் கெடுத்தவள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டோம். திங்கட்கிழமை முதல் அவள் மதிய உணவுக்கு வேறு மரத்தடிக்குப் போய்விட்டாள். காலாண்டுத் தேர்வும் வந்தது. நான்கு பேர் என்பது மூன்று பேர் ஆயிற்று.

தேர்வு முடிந்து, உடைந்த தும்பியிலிருந்து சர்வோக்களையாவது மீட்கலாம் என்று தாத்தா வீட்டில் கூடினோம். தாத்தா மின்கலத்தை இணைத்து, குச்சியை வலப்பக்கம் தள்ளினார். வல மடல் கீழே போயிற்று. இன்னொரு முறை தள்ளினார். மீண்டும் கீழேதான் போயிற்று.

யாரும் பேசவில்லை. நாங்கள் மாற்றிய சர்வோ வேறு தயாரிப்பு; பழையது சுழன்ற திசைக்கு எதிராகச் சுழல்வது. டிரான்ஸ்மிட்டரில் ஒரு பொத்தானை அழுத்தித் திசையை மாற்றியிருந்தால் தீர்ந்தது. மடல் அசைகிறதா என்று பார்த்தோமே ஒழிய, எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்கவில்லை. அவள் சரியாகத்தான் தள்ளினாள். சரியாகத் தள்ளத் தள்ளத்தான் விமானம் தவறாகச் சாய்ந்தது.

தாத்தா நெடுநேரம் கழித்துச் சொன்னார்: “விமானப் படையில் ஒருவன் செய்த வேலையை இன்னொருவன் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் விமானம் நகராது. செய்தவன் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது, அதனால்தான். அத்தனை வருஷம் அப்படி வேலை செய்த நானே அன்றைக்குப் பார்க்காமல் விட்டேன். பிள்ளைகளே, இதில் என் பிழையும் உண்டு.”

அன்று மாலையே மூவரும் அவள் வீட்டிற்குப் போனோம். வாயிற்படியில் நின்று உள்ளதை உள்ளபடி சொன்னோம். அவள் கண் கலங்கியது. ஆனால் எங்களைத் திட்டவில்லை. “நானும் கிளம்பும் முன்னே ஒருமுறை மடலைத் திரும்பிப் பார்த்திருக்கலாம். நீங்கள் சரி என்றீர்கள், நானும் சரி என்று விட்டுவிட்டேன்” என்றாள். அவளுடைய அம்மா எங்களை உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தார். பெயர் சொல்லி எழுதவில்லை என்று தொடக்கத்தில் சொன்னோமல்லவா? அது அன்று நால்வரும் எடுத்த முடிவு. செய்தாலும் கெடுத்தாலும் இனி ‘நாங்கள்’ என்றே சொல்வது.

சிஸ்டரிடம் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. “தவறு யாருடையது என்பது தெரிந்துவிட்டது. மறுபடி வராமல் இருக்க என்ன செய்வீர்கள், அதை எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றார். நாங்கள் ஓர் அட்டையில் 14 வரிகள் எழுதினோம். ஒருத்தி உரக்கப் படிக்க வேண்டும். இன்னொருத்தி செய்து காட்ட வேண்டும். செய்யாத மூன்றாமவள் விமானத்திற்குப் பின்னால் நின்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். ஐந்தாவது வரி இது: ‘குச்சி வலம், வல மடல் மேலே.’

காலாண்டு விடுமுறை முழுவதும் தச்சுப் பட்டறையிலேயே கழிந்தது. இடப்புற இறக்கையில் ஒன்பது விலா எலும்புகள் புதிதாக வெட்டினோம். மூக்குப் பகுதியை அடியோடு மாற்றினோம். விரல் நுனிகளில் இறக்கையைத் தாங்கிப் பார்த்தபோது வால் தாழ்ந்தது. மூக்கில் ஈயத் துண்டு வைத்துச் சமன் செய்தோம். சோர்ந்த நேரத்தில் சிஸ்டர் ஒரு செய்தி சொன்னார். மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கர் 77-ஆம் வயதில், கண்பார்வை மிகவும் மங்கிய நிலையில், பால்சா மரத்தால் செய்த ஒரு மாதிரி விமானத்தை 2003 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அட்லாண்டிக் கடலைக் கடந்து அயர்லாந்துக்கு அனுப்பினார். எடை 5 கிலோவுக்குள். ஏறத்தாழ 3,000 கிலோமீட்டரை 39 மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாகப் பறந்து கடந்தது. அதற்கு முன் அவர் குழுவினர் அனுப்பியவை அக்கரை சேரவில்லை. அவர்களும் ஒவ்வொரு முறையும் காரணத்தைத் தேடியபின்தான் அடுத்ததைச் செய்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டோம்.

ஐப்பசி மழை வந்தால் கண்மாய் நிறைந்துவிடும். பிறகு அடுத்த கோடைதான். அக்டோபர் 14, சனிக்கிழமை காலை மீண்டும் கூடினோம். மேகம் திரண்டிருந்தது, காற்று இல்லை. ஒருத்தி அட்டையைப் படித்தாள். ஐந்தாவது வரி வந்தபோது கரையிலிருந்த பெற்றோரும் பேச்சை நிறுத்தினார்கள். “வல மடல் மேலே” என்று பின்னால் நின்றவள் குரல் கொடுத்தாள். தாத்தாவும் குனிந்து பார்த்து, “மேலே” என்றார்.

ஓட்டியவள் அவளேதான். வேறொருத்தி ஓட்டுவது என்ற பேச்சே எழவில்லை. தும்பி ஓடிற்று, எழும்பிற்று, சற்றே சாய்ந்தது. அவள் வலப்பக்கம் தள்ளினாள். இறக்கை சமமாயிற்று! பிறகு கண்மாயைச் சுற்றிச் சுற்றி ஆறு வட்டங்கள். விளக்கெண்ணெய் வாடையுடன் வெண்புகை அதன் பின்னே கோடு இழுத்தது. இறங்கும்போது ஒருமுறை துள்ளி விசிறி உடைந்தது. அதை யார் பெரிதாக எண்ணினார்கள்! பறந்த நேரம் 6 நிமிடம் 20 விநாடி. திரும்பிப் பார்த்தால் தாத்தா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. கண்மாயில் நீர் நின்றது. தும்பியைத் துடைத்து இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் தொங்கவிட்டோம். அதன் அருகே அந்த 14 வரி அட்டையும் தொங்குகிறது. ஐந்தாவது வரியின் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறோம்.

அன்புத் தங்கையரே! உங்களில் எவரேனும் அந்தத் தும்பியை மீண்டும் பறக்கவிட விரும்பினால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். எரிபொருளுக்குப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். விமானத்தை எடுக்கும்போது மறவாமல் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். தோழி ஒருத்தியைக் குறைகூற வாய் திறக்கும் முன், மடல் எந்தப் பக்கம் போகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

— மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவியர் நால்வர், 2023–24